புத்தகமா, ஆயுதமா

எனக்குக் கோபம் வந்தால் செருப்புச் சத்தத்திலேயே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். அன்று காலையில் பள்ளிக்கும் கோயிலுக்கும் நடுவில் இருக்கும் கம்பி வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு நான் போன வேகத்தைப் பார்த்து, சபைகூடலுக்கு வரிசையில் நின்றிருந்த ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் யாரும் அதட்டாமலே வாயை மூடிக்கொண்டார்கள்.

விஷயம் இதுதான். அறிவியல் அறையின் அலமாரியைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. பிள்ளைகளின் டேப்லெட்டுகள், பள்ளி மடிக்கணினி, இணையப் பெட்டி, ஒயர்கள் எல்லாம் துடைத்து வைத்தாற்போல் போயிருந்தன. திருட்டுத்தான் என்று நினைத்துப் போலீசுக்குச் சொல்ல ஓடினேன். வாசலில் இருந்த காவலாளி சாவகாசமாகச் சொன்னார்.

"திருட்டு இல்ல டீச்சர். தேவதாஸ் அண்ணன் நேத்து சாயங்காலம் வந்து பூசைக்குன்னு எடுத்துட்டுப் போனாரு. பெரிய சார்கிட்ட கேட்டுட்டுத்தான்."

திருடன் என்றால் போலீசில் சொல்லலாம். சாமிக்குப் போன பொருளை யாரிடம் போய்க் கேட்பது? அதுவும் அன்றைக்கென்று பார்த்து!

நான் திலகம். பெஸ்தாரி ஜெயா என்ற ஊரைத் தாண்டி, எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் சின்னத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியை. எங்கள் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எல்லாரையும் ஒரே வேனில் ஏற்றிவிடலாம். கடலோரத்தில், சபாக் பக்கம் இருக்கும் இன்னொரு தோட்டப்பள்ளியும் அப்படித்தான். அங்கே இருந்த அறிவியல் ஆசிரியர் மாற்றலாகிப் போனார். அவர் இடத்துக்கு ஆள் வரவே இல்லை. உடற்கல்வி சொல்லிக்கொடுக்கும் பிரேமலாதான் பாடப்புத்தகத்தை வாசித்துக் காட்டி ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். என்னை வலைப்பந்து சொல்லிக்கொடுக்கச் சொன்னால் நானும் வாசித்துத்தான் காட்டுவேன். ஆண்டுத் தொடக்கத்தில் நானே வலியப் போய்க் கேட்டேன். என் வகுப்பை இணையத்தில் திறந்துவிடுகிறேன், அந்தப் பிள்ளைகளும் சேர்ந்துகொள்ளட்டும், ஒரே நேரத்தில் இரண்டு பள்ளிக்கும் நடத்துகிறேன் என்றேன். கல்வி இலாகாவும் செய்து பாருங்கள் என்றது.

செய்தேன். நன்றாகவே செய்தேன். தற்பெருமை என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். ஆனால் ஆண்டு நடுவில் பார்வையிட வந்த சிவநேசன் என்ற அதிகாரிக்குத் திருப்தியில்லை. சபாக் பள்ளியின் பின்வரிசையில் உட்கார்ந்து முழு வகுப்பையும் பார்த்துவிட்டு எனக்குப் போன் போட்டார்.

"டீச்சர், நீங்க நல்லாத்தான் பாடம் நடத்துறீங்க. ஆனா இந்தப் பக்கம் உள்ள பிள்ளைங்க டிவி பாக்குற மாதிரி பாத்துக்கிட்டு இருக்காங்க. கேட்டா தலையாட்டுறாங்க. இது படிப்பு இல்ல. இன்னொரு தடவ வந்து பாப்பேன். அப்பவும் இப்படியே இருந்தா நிறுத்தச் சொல்லித்தான் எழுதுவேன்."

பொல்லாத மனிதர் இல்லை அவர். சொன்னதில் உண்மையும் இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் அதிகமாகக் கோபம் வந்தது. நிறுத்திவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு மறுபடியும் வாசிப்புத்தான். அவர்களை நான் திரையில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை. ஒருவரையும் தொட்டுத் தட்டிக்கொடுத்ததில்லை. ஆனாலும் என் பிள்ளைகள். விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

இரண்டாம் தடவை வரும் நாளை அவர் குறித்தபோது சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்துச் சரி என்றேன். அந்தத் தேதியில் சிவப்பு இல்லை. அரசாங்க விடுமுறை இல்லாத நாளில் சிவப்பு எப்படி இருக்கும்? வருஷா வருஷம் கோயிலில் இரண்டு கிண்ணம் கொண்டைக்கடலை வாங்கிச் சாப்பிடுகிறவள், அன்று ஆயுத பூசை என்பதை மறந்துபோனேன். மறந்தது நான் மட்டுமா? அவரும் தமிழர்தானே!

கோயிலுக்குள் நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். ஆத்திரமில்லாத ஆளாக இருந்தால் அந்த அழகை ரசித்திருப்பேன். செம்பனைக் குலை அறுக்கும் நீளக் கழி அரிவாள்கள் தூணோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. உளி, கோடரி, மண்வெட்டி, புல்வெட்டும் இயந்திரம், லோரிக்கு முட்டுக் கொடுக்கும் ஜேக், கிணற்றுக் கப்பி, ஒரு தையல் இயந்திரம், முன்னால் ஒற்றைச் சக்கரம் உள்ள, குலை ஏற்றும் தள்ளுவண்டி எல்லாம் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டு நின்றன. சரஸ்வதி படத்தின் காலடியில் எங்கள் பள்ளியின் டேப்லெட்டுகளும் மடிக்கணினியும் வரிசையாகச் சாய்ந்திருந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், நடுவில் குங்குமம். நெற்றி என்று நினைத்து வைத்த இடம் கேமராவின் கண்.

"அண்ணே! என்னண்ணே இது?"

தேவதாஸ் குலை ஏற்றும் லோரி வைத்திருப்பவர். பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், கோயிலுக்கும் அவர்தான் தலைவர். பட்டு வேட்டியில் மாப்பிள்ளை மாதிரி திரும்பிப் பார்த்தார்.

"வாங்க டீச்சர். நல்லா இருக்கில்ல? நேத்தே அலங்காரம் முடிச்சாச்சு. மொதல்ல கொண்டக்கடல சாப்பிடுங்க."

"கடலையெல்லாம் அப்புறம். பத்தரைக்கு வகுப்பு. சபாக் பள்ளிக்கு அதிகாரி வராரு. எல்லாத்தையும் எடுத்துக் குடுங்க."

அவர் முகம் சுருங்கியது. "அது எப்படி லா டீச்சர்? பூசையில வச்சாச்சு. நாளைக்கு விஜயதசமி, காலையில தீபம் காட்டிட்டுத்தான் எடுக்கணும். இன்னிக்கு யாராச்சும் புஸ்தகத்த எடுப்பாங்களா?"

"இது புஸ்தகம் இல்லண்ணே!"

"நீங்கதான டீச்சர் புஸ்தகம்னு சொன்னீங்க?"

சொன்னேன்தான். போன ஆண்டு இந்த டேப்லெட்டுகள் வாங்குவதற்காக அவர் வீட்டுக்குப் போனபோது, பிள்ளைகள் கேம் விளையாடிக் கெட்டுப்போகும் என்று ஒரேயடியாக மறுத்தார். விடுவேனா நான்? இதைக் கேம் சாமான் என்று நினைக்காதீர்கள், இனிமேல் பிள்ளைகளுக்கு இதுதான் புத்தகம், சரஸ்வதி இதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று அடித்துப் பேசினேன். மனிதர் அப்படியே நம்பிவிட்டார். லோரியை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய்ப் பணம் திரட்டி வாங்கிக் கொடுத்தார். நம்பினவர் நம்பினபடி நடக்கிறார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சொல்வார்களே, நான் வாய்ச்சொல்லிலேயே வைத்துக்கொண்டேன்.

"சரிண்ணே, நான் சொன்னது தப்பு. இது ஆயுதம்னு வச்சுக்குங்க. ஒங்க லோரிக்குப் பூசை போட்டதும் எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி ஓட்டுறீங்கல்ல? அது மாதிரி இதையும் ஓட்டுறோம்."

அவர் சிரித்தேவிட்டார். "போன வருசம் புஸ்தகம், இந்த வருசம் ஆயுதமா? தீபாவளிக்குள்ள என்னவா மாறும் டீச்சர்?"

சுண்டல் கிண்டிக்கொண்டிருந்த அம்மாக்களும் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என் கைத்தொலைபேசி ஒன்றை வைத்துக்கொண்டு எப்படியாவது நடத்தலாம்தான். ஆனால் பிள்ளைகள் ஆளுக்கொரு டேப்லெட்டில் பதில் போட்டு, கேள்வி கேட்டு, படம் வரைந்து காட்டினால்தான் அது வகுப்பு. இல்லையென்றால் சிவநேசன் சொன்ன அதே டிவி. சாமி சந்நிதி என்றுகூடப் பார்க்காமல் கத்திவிட்டேன்.

"சிரிங்க, நல்லா சிரிங்க! இன்னிக்கு இந்த வகுப்பு ஒழுங்கா நடக்கலன்னா அந்த சபாக் பிள்ளைங்களுக்கு சைன்ஸ் டீச்சர் கெடையாது. சரஸ்வதி காலடியில புஸ்தகத்த அடுக்கி வச்சுட்டு, படிக்க வர்ற பிள்ளைய வாசல்ல நிறுத்துனா அவளுக்கே பொறுக்குமாண்ணே?"

கடைசி வார்த்தை வருவதற்குள் என் குரல் உடைந்துவிட்டது. எனக்கு அது அவமானமாக இருந்தது. கோபப்படலாம், கண் கலங்கக் கூடாது என்பது என் கொள்கை.

தேவதாஸ் சிரிப்பை நிறுத்திவிட்டார். பிடிவாதக்காரர் இல்லை, பயந்தவர். "எனக்கு மட்டும் ஆசையா டீச்சர்? பரீட்சை எழுதுற பிள்ளைங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, பூசையில வச்சத எடுத்ததாலதான்னு இந்த அம்மாமாருங்க என்னையத்தான பிடிப்பாங்க?" அம்மாக்கள் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை.

அதுவரை பேசாமல் பூ கட்டிக்கொண்டிருந்த சோமு பண்டாரம் தலையைத் தூக்கினார். எங்கள் தோட்டக் கோயிலில் பூசை செய்கிறவர், மணி அடிக்கும்போது தவிர வேறு சத்தம் போடாதவர்.

"எடுக்கக் கூடாதுன்னுதான் சொல்றோம். தொடக் கூடாதுன்னு யாரு சொன்னா? தொடாமயா நான் சாமிக்குப் பூ மாத்துறேன்? வச்ச எடத்துலயே இருக்கட்டும். பிள்ளைங்க இங்க வந்து உக்காந்து படிக்கட்டும். சாமிக்கு முன்னால படிச்சா குத்தமா?"

நான் தேவதாஸைப் பார்த்தேன். தேவதாஸ் அம்மாக்களைப் பார்த்தார். ஓர் அம்மா, "குத்தமில்ல. அப்படியே எம்மவளும் ஒரு நாளாச்சும் அசையாம உக்காந்து படிப்பா," என்றாள். ஷர்மினியின் அம்மா அவள். அவ்வளவுதான், தீர்ப்பு வந்துவிட்டது. தேவதாஸுக்கு உற்சாகம் பிறந்து, மைக்செட் ஒயரை இழுத்து இணையப் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தார். தலைமையாசிரியர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, என்னவோ செய்யுங்கள் என்பதுபோல் கையைத் தூக்கிக் கும்பிட்டார்.

பத்தரைக்குப் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சந்நிதி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். அவரவர் டேப்லெட்டுக்கு நேராக அவரவர். பதில் அழுத்த வேண்டுமானால் முட்டிபோட்டு முன்னால் போய்த் தொட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டும். பொட்டை அழிக்கக் கூடாது என்று சோமு கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மடிக்கணினியின் கேமராவில் பாதியைச் சந்தனம் மறைத்திருந்தது. திரையில் சபாக் வகுப்பறை தெளிவாக வந்தது. வரிசையாகப் பிள்ளைகள், பக்கத்தில் பிரேமலா, பின்னால் கழுத்துப்பட்டையும் காலில் பளபளக்கும் கறுப்புச் சப்பாத்துமாகச் சிவநேசன்.

"டீச்சர், அங்க அதுக்குள்ள பொழுது சாஞ்சுருச்சா? எல்லாரும் மஞ்சளாத் தெரியிறீங்க," என்றார் அவர்.

"பூசை சார். கேமராவுக்கும் பொட்டு வச்சிருக்கோம்."

"பூசையா?" அவர் தன் கைத்தொலைபேசியில் தேதியைப் பார்ப்பது தெரிந்தது. "ஐயோ! எங்க வீட்டுல காலையில ஏதோ சொன்னாங்க."

பாடம், எளிய எந்திரங்கள். அதை நான் திட்டம் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை, பாடத்திட்ட வரிசையில் அன்று அதுதான் வந்தது. அழகான அசையும் படங்கள் தயாரித்து வைத்திருந்தேன். நெம்புகோல், ஆப்பு, கப்பி, திருகு, சக்கரமும் இருசும் என்று ஒவ்வொன்றும் திரையில் சுழலும், குதிக்கும். ஆனால் என் பக்கத்துப் பிள்ளைகளின் கண் திரையில் நிற்கவில்லை. கோடரியைக் காட்டி, "டீச்சர், அது ஆப்பு," என்றது ஒன்று. ஜேக்கைக் காட்டி, "டீச்சர், அதுக்குள்ள திருகு இருக்கு," என்றது இன்னொன்று. படத்தை நிறுத்திவிட்டு மடிக்கணினியைச் சாமான்கள் பக்கம் திருப்பிவிட்டேன்; வைத்த இடத்திலேயே திருப்பினேன், எடுக்கவில்லை. சபாக் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். பார்த்தார்கள், அவ்வளவுதான். சிவநேசன் பேனாவைத் திறப்பது தெரிந்தது.

சட்டென்று புதிர்க் கேள்விகளுக்குத் தாவினேன். இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் டேப்லெட்டில் விடையை அழுத்துவார்கள். சரி என்றால் பச்சை, தவறு என்றால் சிவப்பு, உடனே எல்லார் திரையிலும் தெரியும். மூன்றாவது கேள்வி: தள்ளுவண்டியில் பாரமான மூட்டையை எங்கே வைத்தால் தள்ளிக்கொண்டு போவது எளிது? சக்கரத்துக்குப் பக்கத்தில், நடுவில், கைப்பிடிக்குப் பக்கத்தில்.

என் பிள்ளைகள் முட்டிபோட்டு ஓடிப் போய் அழுத்திவிட்டு வந்தார்கள். பச்சை, பச்சை, பச்சை. சபாக்கிலும் பச்சை. ஒன்றே ஒன்று சிவப்பு. நடுவில் என்று போட்டிருந்தாள் அன்பரசி. நெடுநெடுவென்று வளர்ந்த பெண், திரையில் எப்போதும் பாதி முகம்தான் தெரியும். ஆண்டு முழுக்க அவள் வாயிலிருந்து வணக்கமும் நன்றியும் தவிர வேறெதுவும் நான் கேட்டதில்லை.

"டீச்சர், இது தப்பு," என்று எழுந்து நின்றாள்.

"ஆமாம்மா. சரியான வெட சக்கரத்துக்குப் பக்கத்துல. நெம்புகோல்ல சுமை வந்து..."

"இல்ல டீச்சர். என் வெட சரி. கேள்விதான் தப்பு."

பிரேமலா அவள் தோளைத் தொட்டு உட்காரச் சொன்னார். சிவநேசனின் பேனா நின்றது.

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கேள்வியை உட்கார்ந்து தயாரித்தவள் நான். பார்வையிடும் நாளில், அதிகாரி முன்னால், என் கேள்வி தவறாம்! அப்புறம் பேசிக்கொள்ளலாம், உட்காரம்மா என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் அவள் உட்கார்ந்திருப்பாள், திட்டமிட்டபடி பாடம் முடிந்திருக்கும், அந்தப் பக்கம் எல்லாரும் மறுபடியும் தலையாட்டியிருப்பார்கள். நான் கோபக்காரிதான். ஆனால் எதன்மேல் கோபப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

"ஏன் தப்பு? சொல்லு."

அவள் வாயைத் திறப்பதற்குள் என் பக்கத்திலிருந்து ஷர்மினி பாய்ந்துவிட்டாள். அசையாமல் உட்காருவாள் என்று அவள் அம்மா நம்பிய பெண்.

"அதெல்லாம் கேள்வி சரிதான். சக்கரம்தான் ஆதாரம். அதுக்குக் கிட்ட சுமைய வச்சா கைக்குப் பாரமே தெரியாது. டீச்சர் போன வாரமே சொன்னாங்க."

"கைக்குத் தெரியாது. சக்கரத்துக்குத் தெரியுமே!" என்றாள் அன்பரசி. "நான் எங்க வீட்டு வண்டியில அரிசி மூட்ட தள்ளிட்டு வருவேன். முன்னால வச்சா தூக்குறதுக்கு லேசுதான். ஆனா வண்டி போவாது. பொதைஞ்சிரும்."

"சும்மா கதவிடாத லா. நல்லாப் போவும்."

"நீ தள்ளிருக்கியா?"

ஷர்மினி பூசையில் நின்ற தள்ளுவண்டியைத் திரும்பிப் பார்த்தாள். "இப்ப தள்ளிக் காட்டவா?"

"நானும் காட்டவா?"

இரண்டு பேரும் என்னைக் கேட்கவே இல்லை. இருந்தாலும் டீச்சர் என்று ஒருத்தி இருப்பதை ஞாபகப்படுத்த வேண்டுமே. "சரி, ரெண்டு பேரும் செஞ்சு காட்டுங்க," என்றேன். தள்ளுவண்டி பூசையில் இருக்கிறதே என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. திரும்பிப் பார்த்தால் தேவதாஸ் ஏற்கெனவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார்.

"இது சந்தேகமில்லாம ஆயுதம் டீச்சர். ஓட்டித்தான் ஆவணும்."

கோயில் அரிசி மூட்டை ஒன்று வந்தது. எலுமிச்சம்பழம் நசுங்க, கற்பூரம் காட்ட, வண்டி பிரகாரத்துக்கு வந்தது. மூட்டையை முன்னால் வைத்து ஷர்மினி தூக்கினாள். வண்டி சொன்னபடி கேட்டது. எங்கள் தோட்டம் மேட்டு நிலம், கோயிலைச் சுற்றிலும் கெட்டியான செம்மண். ஓர் ஓட்டமாக ஓடிச் சுற்றிவிட்டு வந்தாள். மூட்டையை நடுவில் வைத்தபோது இரண்டு எட்டு வைத்துவிட்டுக் கையை உதறினாள். அம்மாக்கள் கை தட்டினார்கள். என் கைத்தொலைபேசியை வகுப்பில் இணைத்துக் காட்டினேன்; அதன் கேமராவுக்குப் பொட்டு இல்லாததால் சபாக் பிள்ளைகள் எல்லாவற்றையும் பளிச்சென்று பார்த்தார்கள்.

"பாத்தியா?" என்றாள் ஷர்மினி, மூச்சு வாங்க.

"இப்ப நீ பாரு," என்றாள் அன்பரசி.

சபாக்கில் யாரும் நாற்காலியில் இல்லை. டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு மொத்த வகுப்பும் வெளியே ஓடியது. திரையில் வானம், சப்பாத்து, புல், யாருடைய காதோ ஒன்று என்று மாறி மாறி வந்து, கடைசியில் திடல் நின்றது. மழைக்காலம், கடலோரத்து மண். புல்லுக்கு மேலேயே தண்ணீர் மினுங்கியது. தோட்டக்காரரின் தள்ளுவண்டியை இரண்டு பேர் இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

"மூட்ட இல்லையே. கல்லு போடலாமா?"

"கல்லு பத்தாது."

அன்பரசி சுற்றும் முற்றும் பார்த்தாள். அவள் பார்வை ஓரிடத்தில் போய் நின்றது. அந்தப் பார்வை எங்கே போகிறது என்று புரிந்ததும் நான் இங்கே கோயிலில் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"சார், நீங்க எத்தன கிலோ?"

சிவநேசன் திரையைப் பார்த்தார். அதாவது என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்வது? பிரேமலா, "அன்பரசி!" என்று கத்தினார். அதற்குள் அவர் பேனாவைச் சட்டைப்பையில் சொருகி, கழுத்துப்பட்டையைத் தோளுக்குப் பின்னால் தூக்கிப் போட்டுவிட்டு வண்டிக்குள் காலை வைத்தார்.

"எங்க உக்காரணும்? முன்னாலயா?"

"ஆமா சார். சக்கரத்துக்குக் கிட்ட. நல்லா ஒட்டி."

அன்பரசியும் இன்னொரு பெண்ணும் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார்கள். பூ மாதிரி எழுந்தது. என் பிள்ளைகள் "ஹே!" என்று கத்தினார்கள். தள்ளினார்கள். வண்டி ஒரு முழம் போனது, முனகியது, அப்புறம் சக்கரம் மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. சிவநேசன் முன்பக்கமாகச் சாய்ந்து, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "ஏய், ஏய்!" என்றார். இருசுவரை சேறு. எத்தனை பேர் தள்ளியும் அது நகரவில்லை.

"இப்ப நடுவுல சார்."

இறங்கி, மறுபடி ஏறி, நடுவில் உட்கார்ந்தார். தூக்குவதற்கு இரண்டு பேர் போதவில்லை, நான்கு பேர் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார்கள். ஆனால் வண்டி போனது. சேற்றில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, கோணல்மாணலாக, பந்தாட்டக் கோல்கம்பம் வரை போனது.

"பாத்தியா ஷர்மினி! ஒங்க மண்ணுல ஒன் வெட சரி. எங்க மண்ணுல என் வெட சரி. கேள்வியில எந்த மண்ணுன்னு சொல்லல. அதான் தப்புன்னேன்."

ஷர்மினி தோற்றவள் மாதிரி நிற்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். "அப்ப சக்கரம் அகலமா இருந்தா? லோரிக்கு ரெட்டச் சக்கரம் போட்டிருக்காங்கல்ல?"

"அட, ஆமா! அப்ப முன்னால வச்சாலும் பொதையாது!"

"பலகைய அடியில போட்டுப் பாரேன்!"

இரண்டு பக்கமும் ஒரே கூச்சல். ஒருவன் பலகை தேடி ஓடினான். ஒருத்தி மண்ணில் குச்சியால் சக்கரம் வரைந்து கேமராவுக்குக் காட்டினாள். என் பக்கத்துப் பையன் ஒருவன் வாசலில் நின்ற தேவதாஸ் லோரியின் டயர் அகலத்தை ஜாணால் அளந்து கத்திச் சொன்னான். அவன் கத்தினதைச் சபாக்கில் ஒரு பிள்ளை திருப்பிக் கத்தி, எழுதிக்கொண்டது. நான் எந்தப் பெயரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் ஒன்றும் காதில் விழுந்திருக்காது.

வண்டிக்குள் உட்கார்ந்திருந்த சிவநேசன் கையைத் தூக்கினார். "டீச்சர், நான் ஒரு வார்த்த..."

"சார், எறங்காதீங்க. இன்னும் கைப்பிடிப் பக்கம் வச்சுப் பாக்கல," என்றாள் அன்பரசி.

அவர் கையை இறக்கிக்கொண்டார். சப்பாத்தின் பளபளப்பெல்லாம் போய்விட்டது. கால்சட்டையில் முழங்கால்வரை சபாக் மண். டேப்லெட்டைப் பிடித்திருந்த பிள்ளையைக் கிட்டே வரச் சொல்லி, இரகசியம் பேசுகிறவர் மாதிரி குனிந்து என்னிடம் சொன்னார்.

"நான் பாக்க வந்தத பாத்துட்டேன் டீச்சர். இந்த வகுப்ப நிறுத்தச் சொல்லி எழுதுனா, என்னைய இதே வண்டியில தள்ளிக்கிட்டுப் போயி கடல்ல கொட்டிருவாங்க. அடுத்த வருசமும் நீங்கதான் நடத்தணும். அதுல ஒண்ணும் கஷ்டமில்லையே?"

கஷ்டமா? இந்த ஒரு சொல்லுக்காக ஆண்டு முழுக்க எத்தனை பேரோடு சண்டை போட்டிருக்கிறேன். கண்ணிலிருந்து கொட்டியது. தேவதாஸும் சோமுவும் அம்மாக்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். சந்தோஷத்தில் அழுவதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

"சார், பேசாதீங்க, வண்டி ஆடுது," என்றாள் அன்பரசி. நான் அழுததை அவள் பார்க்கவில்லை. அவள் கைப்பிடியைப் பிடித்துக் குனிந்திருந்தாள்.